சித்திரையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை

இராயபுரத்திலிருந்து சகோதரர் ஒருவர் நான்கு பக்கங்களில் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். துறைமுகத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர். வருகிற தை மாதத்தோடு பணி ஓய்வு பெறுகிறார். தந்தை காலத்திலிருந்தே வாடகை வீடு, இரண்டே அறைகள், தண்ணீருக்குத் தெருமுனை. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்ததும் மீஞ்சூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஒரு கிரவுண்டு மனை வாங்கி, தம் பெயரில் ஒரு வீடு எழுப்பி, அங்கே கண்மூட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சென்ற மாசி மாதம் தரகர் ஒருவர் மனையைக் காட்டினாராம். சுற்றிலும் பச்சைப் பசேலென்று நெல் வயல். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுநீர் இளநீர்போல் இருந்ததாம். முன்பணம் கொடுக்கவும் துணிந்துவிட்டார். ஆனால் அவருடைய துணைவியாருக்கு இதில் எள்ளளவும் விருப்பமில்லை. "அங்கே போய் நான் யாரோடு பேசுவது? நடுச்சாமத்தில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது?" என்று கேட்கிறாராம். "நீங்கள் நடுவராக இருந்து நல்ல பதில் சொல்ல வேண்டும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் சகோதரர்.

கணவன் மனைவி வழக்கில் நடுவராக அமரும் துணிவு நமக்கு இல்லை. எனினும் இது ஒரு குடும்பத்தின் வழக்கு மட்டுமன்று. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைச் சங்கொலிக்கு எழுந்து ஆலைச் சங்கொலிக்கு உறங்கிய எத்தனையோ குடும்பங்களின் உள்ளத்தில் இதே ஆசை இருக்கிறது. அவர்களுள் பலருடைய பாட்டனார்கள் பஞ்சம் பிழைக்கவோ கூலி தேடியோ கிராமத்தை விட்டு வந்தவர்கள். பேரன் மீண்டும் மண்ணைத் தேடுவது இயல்பே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிப் படிந்ததையும், அதே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியதையும் கண்டவர்களுக்கு, நல்ல காற்று வீசும் ஓரிடத்தில் ஒரு கூரை வேண்டும் என்று தோன்றாமல் இராது. ஆகவே ஆசையைக் குறை கூற மாட்டோம். ஆனால் மாசி மாதத்தில் பார்த்த மனைக்கு முன்பணம் கொடுப்பதைத்தான் குறை கூறுவோம்.

ஏன் என்று கேட்பீர்கள். மாசியிலே பொன்னேரி வட்டாரம் முழுவதும் அழகாகத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஏரியில் நீர் இருக்கும். கிணறு மேலே நிற்கும். வெள்ளம் தேங்கிய சுவடு புல்லுக்குள் மறைந்திருக்கும். பெண் பார்க்கும் நாளில் எல்லாப் பெண்ணும் பட்டுப்புடவையில் இருப்பதுபோல, அந்த மாதத்தில் எல்லா மனையும் நல்ல மனையே. தரகர்கள் இதை நன்கு அறிவர். மனையை இரண்டு தடவை பார்க்க வேண்டும்: கிணறு கீழே போகும் சித்திரையில் ஒருமுறை, மழை கொட்டும் கார்த்திகையில் ஒருமுறை.

முதலில் சித்திரையைச் சொல்லுவோம். மீஞ்சூர்ப் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பல நூறு ஆண்டுகளாகக் கொணர்ந்து சேர்த்த மணலுக்கடியில் இங்கே நன்னீர் ஏராளமாக இருந்தது. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு இந்த ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்கிணறுகள் அமைத்துச் சென்னைக்கும் அதன் ஆலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். உழவர்களும் பயிருக்கு இறைத்தார்கள். பிற்காலத்தில் லாரிகளில் ஏற்றி விற்றவர்களும் உண்டு. யாரைக் குறை சொல்வது? எல்லாருக்கும் தாகம் இருந்தது.

நிலத்தின் அடியில் நடப்பது இதுதான். நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆதலால் கடலோர நிலங்களில் உவர்நீரின்மேல் அது மிதந்துகொண்டிருக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் பாரம் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை உவர்நீரை அமுக்கி வைக்கும். மேலே ஓரடியை இறைத்துவிட்டால், கீழே நாற்பதடியைக் கடல் கேட்டு வாங்கிக்கொள்ளும். நாம் இறைத்ததோ ஓரடி அன்று, பல அடிகள். 1960களின் முடிவில் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த உவர்நீர், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளுக்குள் பத்துக் கிலோமீட்டரையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கடல் கண்ணுக்குத் தெரியாத கிராமத்திலும் கிணற்றில் கடல் இருக்கும். 2010ஆம் ஆண்டு காட்டுப்பள்ளியில், மீஞ்சூர்ப் பெயராலேயே, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை தொடங்கியது. நன்னீர் கடலாய்ப்போன ஊரருகே கடல் நன்னீராகிச் சென்னைக்குப் போகிறது என்பதை எண்ணினால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதில் ஆறுதலும் உண்டு. எல்லாக் கிணறும் ஒரே விதமாக இல்லை. ஒரே தெருவில் முப்பதடிக் கிணறு இனிக்கும். நூறடி ஆழ்துளை கரிக்கும். மழைக்காலத்தில் இனித்தது கோடையில் கரிக்கும். ஆகவேதான் சித்திரையிலே போகவேண்டும் என்கிறோம். ஒரு சுத்தமான புட்டியை எடுத்துச் செல்லுங்கள். மனைக்கு நான்கு பக்கத்திலும் உள்ள கிணறுகளில் நீர் மொண்டு பாருங்கள். தரகரைக் கேட்காதீர்கள்; குடத்தோடு வரும் பெண்களைக் கேளுங்கள். "இந்தத் தண்ணீரில் பருப்பு வேகுமா அம்மா? சோப்பு நுரைக்குமா? குடிதண்ணீர் எங்கிருந்து கொண்டு வருகிறீர்கள்?" என்ற மூன்று கேள்விகள் போதும். அதன்பின் ஒரு புட்டி நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால், சிறு கட்டணத்திற்கு முறையான அறிக்கை தருவார்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நன்று. வேறு வழியில்லாதபோது 2000 வரை பொறுக்கலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு.

"குடிக்கத்தான் கேன் தண்ணீர் இருக்கிறதே" என்று சிலர் கூறுவர். வீடு குடிக்கும் தண்ணீரைப் பற்றி அவர்கள் எண்ணுவதில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. உப்பு மிகுந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு தன் முந்தைய பருமனைப்போல் பல மடங்கு வீங்கும். வீங்கினால் கான்கிரீட்டைப் பிளக்கும். எட்டாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ கூரையின் அடிப்புறம் பாளம் பாளமாய்ப் பெயர்ந்து, கம்பி எலும்புபோல் தெரியும். கடற்கரையோரக் குடியிருப்புகளில் நம்மில் பலர் இதைத் தலைக்கு மேலேயே கண்டிருக்கிறோம். கொத்தனார்கள் சிலர் கலவை நீரை நாவில் வைத்துப் பார்ப்பார்கள். அது மூடப் பழக்கமன்று. நாவுக்கு உப்பு சற்றே தெரியத் தொடங்குவது 250 மில்லிகிராம் அளவில். ஆகவே நன்றாகக் கரிக்கும் நீர் கம்பிக்கு ஆகாத நீர் என்று கொள்வதில் தவறில்லை. அத்தகைய இடத்தில் கட்டத்தான் வேண்டுமென்றால், கலவைக்கும் நீராற்றுவதற்கும் வெளியிலிருந்து நல்ல நீர் வாங்கும் செலவை முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடுங்கள். குறைந்தது ஏழு நாள், இப்போது பெரிதும் விற்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாள், கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும்.

இனிக் கார்த்திகை. பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பினால் மிகுதி நீர் கொசஸ்தலையாற்றில்தான் இறங்குகிறது. அது எண்ணூர் முகத்துவாரத்தைத் தேடி வருகிறது. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் அது எப்படி வந்தது என்பதை மணலிப் புதுநகர்வாசிகளிடம் கேட்டால் சொல்வார்கள். ஆறு மட்டுமே வெள்ளமன்று. ஏரியின் உள்வாய், தாங்கல், ஓடை, கழுவெளி என்று ஊரார் வழங்கும் பெயர்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். "நகர்" என்றும் "அவென்யூ" என்றும் பலகை நட்டுவிட்டால் தாங்கல் தாங்கல் அல்லாமல் போய்விடாது. எருமை மேய்க்கும் முதியவர் ஒருவரிடம், "பெரியவரே, மழைக்காலத்தில் இந்தப் பக்கம் மாட்டை ஓட்டி வருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இடுப்பளவு தண்ணி நிக்குமே, எப்படிப்பா வர்றது?" என்று அவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியம் தரகரின் வண்ணப்படத்தைவிட மதிப்புள்ளது. மழை பெய்துகொண்டிருக்கும் நாளிலேயே குடை பிடித்துக்கொண்டு போய் நின்று பாருங்கள். நீர் எந்தப் பக்கமாய் வருகிறது, எந்தப் பக்கமாய் வடிகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று கண்டுகொண்டால், அடித்தளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பத்திரங்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எழுதியும் பயனில்லை, ஒரு நல்ல வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் என்று நினைப்பவர்கள் எவர் எழுதினாலும் கேட்பதில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாய்ப்பத்திரமும், முப்பதாண்டு வில்லங்கச் சான்றும், விற்பவர் பெயரிலேயே பட்டாவும் இருந்தாலொழியப் பேச்சைத் தொடங்காதீர்கள். ஊராட்சித் தலைவரின் முத்திரை இருப்பதைக் காட்டி "பஞ்சாயத்து அப்ரூவல்" என்பார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி அளிக்க வேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககம், அல்லது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். 2022 அக்டோபரில் பெருநகர எல்லை 5904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டதால், உங்கள் கிராமம் எதன்கீழ் வருகிறது என்று கேட்டறிவது அவசியம். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மனை வாங்கியிருந்த எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் முடியாமல், கட்டக் கடன் பெறவும் முடியாமல் தவித்தன. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதுவும் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கே. வீடு கட்டும் அனுமதி அண்மையில் எளிதாகியிருக்கிறது என்பதும் உண்மை. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குத் தற்சான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி பெறும் வழி 2024 ஜூலையில் வந்துள்ளது.

நிற்க. மனை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்படிப்பட்ட வீடு கட்டுவது? சகோதரர் தம் கடிதத்தோடு ஒரு வரைபடமும் அனுப்பியிருக்கிறார். கீழே இரண்டு படுக்கையறை, மேலே ஒன்று, முகப்பில் நான்கு உருண்டைத் தூண்கள், பன்னிரண்டு சதுரம் கட்டடம். அறுபது வயதில் இருவர் வாழ்வதற்கு!

இந்த இடத்தில் லாரி பேக்கர் என்ற பெருமகனாரை நினைவூட்ட விரும்புகிறோம். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர், கட்டடக் கலை பயின்றவர், குவேக்கர் சபையினர். போர்க்காலத்தில் சீனாவில் நோயாளருக்குப் பணிபுரிந்துவிட்டுத் தாயகம் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவரை இந்தியாவுக்கு மீண்டும் இழுத்து வந்தது. 1945இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டும் பணிக்காக வந்தவர், கேரளத்து மருத்துவர் எலிசபெத் அம்மையாரை மணந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, பின்பு திருவனந்தபுரத்தில் நிலைத்தார். இந்தியக் குடிமகனாகி, 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2007 ஏப்ரல் முதல் நாள் அங்கேயே மறைந்தார். மலங்கரைப் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் ஆண்டகை ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்ட முனைந்தபோது அவர் நாடியது இந்தப் பேக்கரைத்தான். முதலமைச்சராயிருந்த அச்சுத மேனனும் அவருடைய வழியைப் போற்றியவர். 1985இல் அம்முறையைப் பரப்புவதற்கென்று நிறுவப்பட்ட 'காஸ்ட்ஃபோர்டு' அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர்.

இலட்சியக் கிராமத்தின் வீடு, அது நிற்கும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் ஆனதாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதாகப் பேக்கர் குறிப்பிடுவார். இளைஞனாயிருந்தபோது அது சற்று மிகையென்று எண்ணியதாகவும், வாழ்நாளெல்லாம் கட்டிய பிறகே அது எவ்வளவு உண்மை என்று உணர்ந்ததாகவும் அவர் கூறியதுண்டு. அலுவலகத்தில் அமர்ந்து வரையமாட்டார். மனைக்கே சென்று, அங்கு நிற்கும் மரத்தைப் பார்த்து, குடும்பத்தாரை வாழ்க்கை முறை கேட்டு, பழைய காகிதத்தின் பின்புறத்தில் வரைந்து, கொத்தனாரோடு நின்று கட்டுவார்.

அவருடைய முறைகளில் இரண்டை நம்மவர் அறிந்துகொள்வது நலம். ஒன்று, எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்து ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புகிறோம். அவர் கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரு வரிசைக்கு நடுவே பொந்து விட்டு, இடையிடையே குறுக்குக் கல் பிணைத்துக் கட்டினார். சுவரின் தடிப்பு அதே ஒன்பது அங்குலம். கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம். சுண்ணாம்போ சிமெண்டோ கலவையும் குறைகிறது. நடுவிலுள்ள காற்று வெயிலின் வெம்மையை உள்ளே விடாது. மற்றொன்று, கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கிடையே பழைய நாட்டு ஓடுகளையோ மங்களூர் ஓடுகளையோ வைத்து வார்ப்பது. கூரை வளையும்போது அதன் அடிப்புறம் இழுபடுகிறது. இழுவையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட் பெரும்பாலும் சும்மா இருக்கும் பாரம். சும்மா இருப்பதை எடுத்துவிட்டு ஓட்டை வைத்தால், கூரை இலேசாகிறது, சிமெண்டு குறைகிறது, அறையும் குளிர்கிறது. ஆனால் இவ்விரண்டையும் செய்து பழகிய மேஸ்திரி வேண்டும். பழகாதவர் கையில் கொடுத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் இடித்துக் கட்டுவதில் போகும்.

மீஞ்சூருக்கு ஐந்து மைல் சுற்றளவில் என்ன இருக்கிறது என்று நாம் யோசித்துப் பார்த்தோம். பழவேற்காடு ஏரிப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒருகாலத்தில் பெயர் பெற்றது. இராயபுரத்திலும் மண்ணடியிலும் நூறாண்டு கடந்து நிற்கும் பழைய வீடுகளில் கம்பியே கிடையாது. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாய் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதித்த 'மெட்ராஸ் டெரஸ்' கூரை அவற்றுடையது. இன்று தேக்கு விலையில் அதைக் கட்ட இயலாது. அதை இடித்துக் கெட்டிக்கத் தெரிந்த கைகளும் குறைந்துபோயின. இக்காலத்தில் இவ்வட்டாரத்தில் மலிந்து கிடப்பது வேறொரு பொருள்: சாம்பல். 1994 முதல் இயங்கும் வட சென்னை அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, மீனவர்களின் பாட்டுக்குக் கேடு செய்துவந்திருக்கிறது. அதே சாம்பலைச் சிமெண்டோ சுண்ணாம்போ சேர்த்து அழுத்திச் செய்யும் கல், சூளையில் சுடாமலே உறுதி பெறுகிறது. அளவு பிசகாமல் இருப்பதால் பூச்சுக் கனமும் குறையும். ஆற்றிலே கிடந்தால் விடம். சுவரிலே இருந்தால் வீடு. காந்தியடிகள் சொன்ன ஐந்து மைலுக்குள் இப்படியும் ஒரு பொருள் வந்து சேரும் என்று எவர் நினைத்திருப்பார்!

செங்கல்லோ சாம்பல் கல்லோ, ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, மீண்டும் எடை போடுங்கள். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் எடை கூடினால் அந்தச் சூளைக்கு ஒரு கும்பிடு. உலர்ந்த பிறகு வெள்ளையாய் உப்புப் பூத்தாலும் அவ்வாறே. பேக்கர் சுவரைப் பூசாமல் விட்டார், அழகாக இருக்கிறது என்று நம்மவர் சிலர் அதை அப்படியே பின்பற்றுகிறார்கள். உப்புக் காற்றும் உப்புப் பூக்கும் கல்லும் உள்ள ஊரில் வெளிப்புறத்துக்குப் பூச்சு வேண்டும் என்பது நம் கருத்து. அவருடைய செங்கல் சாளரங்களும் அப்படியே. காற்று வரும் என்பது மெய். எண்ணூர்க் கொசுவும் வரும். வலை அடித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடு மட்டும் வேண்டாம்; அதன் நார் நுரையீரலுக்குப் பகை.

களிமண் பாங்கான இடமாயின் அடித்தளத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண், சுவரைக் குறுக்கே கிழித்துவிடும். அத்தகைய மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களை இறக்கும் முறையை ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்திருக்கிறது. இந்த ஓர் இடத்தில் பொறியாளரிடம் போங்கள். மேஸ்திரியின் கண்திட்டம் போதாது.

அளவுக்கு வருவோம். குடிசைகளை மாற்றுவதற்காக 2024இல் அறிவிக்கப்பட்ட தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு 360 சதுர அடியைக் குறைந்த அளவாகக் கொள்கிறது. அந்த அளவுக்கே நில்லுங்கள் என்று கூறவில்லை. ஐந்து சதுரத்தில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, உள்ளேயே கழிப்பறை, முன்னால் ஒரு திண்ணை ஆகியவற்றை அடக்கலாம். மகன் குடும்பம் விடுமுறைக்கு வந்தால் கூடத்தில் பாய் விரித்தால் ஆயிற்று. ஆண்டுக்கு நான்கு நாளுக்காக ஒரு மாடி கட்டி, ஆண்டு முழுவதும் பெருக்குவானேன்? அந்த ஐந்து சதுரக் கூரையில் ஆண்டுக்கு 1100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 50,000 லிட்டர். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் இங்கே கட்டாயம் என்பதற்காகக் குழாயைப் பெயருக்கு மண்ணில் செருகாமல், முதல் பங்கைச் சமையலுக்கு ஒரு மூடிய தொட்டியிலும் எஞ்சியதைக் கிணற்றருகே மணல் குழியிலும் விட்டால், கடலை ஓரடியாவது பின்னுக்குத் தள்ள உங்கள் வீடும் தோள் கொடுத்ததாகும்.

"வீட்டைக் கட்டிப்பார்" என்று முன்னோர் எச்சரித்தது பணத்தைப் பற்றித்தான். ஓய்வுத் தொகையில் பாதிக்கு மேல் மனையிலும் வீட்டிலும் இறங்கக் கூடாது என்பது நம் திட்டவட்டமான எண்ணம். அறுபது வயதுக்குமேல் சுவரை விற்று மருந்து வாங்க முடியாது. முகப்புத் தூண்களுக்காகக் கந்துவட்டிக்குப் போன குடும்பங்கள் எல்லாப் பங்குகளிலும் உண்டு.

இனி, சகோதரரின் துணைவியார் கேட்ட கேள்வி. இத்தனை நேரம் மண்ணையும் நீரையும் பேசியது அந்த அம்மையாரின் கேள்வியைத் தட்டிக் கழிப்பதற்காக அன்று. உண்மையில் அவர் கேட்டதும் மனை பார்க்கும் கேள்வியே. கணவர் கிணற்றைப் பார்த்தார். மனைவி மனிதர்களைப் பார்க்கிறார். இராயப்பர் பெயரால் வழங்கும் ஊரிலே பிறந்து, கோவில் மணி கேட்டு எழுந்து, மீன் விற்கும் தோழியோடு நாற்பதாண்டு வாயாடி, பக்கத்து வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்கு ஓடியவர் அவர். ஆண்களுக்கு ஓய்வு என்பது ஆலையிலிருந்து வீட்டுக்கு வருவது. வீட்டிலேயே உழைத்த பெண்ணை முதுமையில் வேறோர் ஊரில் கொண்டுபோய் நட்டால், அவருடைய வேர் முழுவதும் அறுந்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டித் தடத்து மின்ரயில் இருக்கிறதே என்பது பகலுக்குப் பதில். நடுச்சாம நெஞ்சுவலிக்குப் பதிலன்று. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எத்தனை மைல், அவசர ஊர்தி அந்தத் தெருவுக்குள் நுழையுமா, கோவில் எவ்வளவு தூரம், கடை எவ்வளவு தூரம் என்பவற்றையும் நீர் ஆய்வு அறிக்கையோடு சேர்த்தே எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆகவே சகோதரரே, நாங்கள் சொல்லும் யோசனை இது. முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். தை மாதம் ஓய்வு பெற்றதும், அதே கிராமத்தில் ஒரு சிறு வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்குப் பிடியுங்கள். இராயபுரத்து வீட்டை உடனே காலி செய்யாமல், மகனிடமோ மகளிடமோ ஒப்படைத்து வையுங்கள். சித்திரையை அங்கே இருவரும் சேர்ந்து கழியுங்கள்; கிணற்றில் நீர் மொள்ளப்போவது அம்மையாராக இருக்கட்டும், அவருடைய தீர்ப்பையே ஆய்வுக்கூடத்துக்கு முந்தைய தீர்ப்பாகக் கொள்ளுங்கள். கார்த்திகை மழையையும் அங்கேயே பாருங்கள். அதற்குள் அம்மையாருக்குத் தெருவில் இரண்டு தோழியர் கிடைத்திருப்பார்கள், அல்லது கிடைத்திருக்க மாட்டார்கள். தரகர் விலை ஏறிவிடும் என்று அவசரப்படுத்துவார், ஏறட்டும். அடுத்த தையில், மழை விட்டுச் சாலை காய்ந்ததும், அம்மையார் சரியென்று சொன்னால் கடைக்கால் தோண்டலாம். ஆடிக் காற்றுக்கு முன் கூரை போட்டு, ஐப்பசி மழைக்கு முன் தரை முடித்துவிடலாம். வரைபடத்தை மட்டும் இப்போதே திருப்பி அனுப்பியிருக்கிறோம். அந்த நான்கு தூண்களையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் அம்மையாருக்கு ஒரு நீளத் திண்ணை வரைந்திருக்கிறோம்.